நாலு மணி நேரத் தூரம்

பத்து மணி ரயில் தென்காசிக்குள் நுழையும்போது ஒரு நீண்ட ஊதல் ஊதும். அது காதில் விழுந்ததும் உச்சிமாகாளி கையில் எது இருந்தாலும் கீழே போட்டுவிட்டு நிமிர்கிறார். முண்டாசை அவிழ்த்து உதறிக்கொண்டே கிழக்கே பார்க்கிறார். "இந்நேரம் எறங்கியிருப்பா" என்கிறார். பக்கத்தில் ஆள் நின்றாலும் சொல்கிறார், நில்லாவிட்டாலும் சொல்கிறார். பிறகு முண்டாசைக் கட்டிக்கொண்டு குனிந்துவிடுவார். நாலு வருஷமாக ஒரு நாள் தப்பியதில்லை.

அவர் சாலைக்கூலி. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற சாலையில் முப்பத்துமூன்றாம் மைல்கல் முதல் முப்பத்தெட்டாம் மைல்கல் வரை அவருடைய பாடு. கற்கள் எல்லாம் திருநெல்வேலியிலிருந்து எண்ணிக்கொண்டு வருகின்றன. பள்ளத்தில் சரள் போடுவார், ஓரத்துப் புல்லைச் செதுக்குவார், மழைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிவிடுவார். வைகாசிக் கடைசியில், குற்றாலத்துக்கு ஆள் வரத் தொடங்கும் முன்னால், மைல்கற்களுக்கு மட்டையால் வெள்ளையடித்து எண்களைத் தாரால் எழுதுவார். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் இல்லை. எழுத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றிலிருந்து எட்டு வரையான எண்கள். மைல்கல்லுக்கும் பர்லாங்கு கல்லுக்கும் அவ்வளவு போதும். ஒன்பதும் சைபரும் அவர் சாலையில் கிடையாது.

நடக்கும்போது அவரோடு பேசக்கூடாது. எண்ணிக்கொண்டு நடப்பார். வலது கால் மண்ணில் ஊன்றுவதை மட்டும்தான் எண்ணுவார். ஆயிரம் ஊன்றல் ஒரு மைல். ஒரு மைல் ஆனதும் இடுப்பில் சுற்றியிருக்கும் தென்னங்கயிற்றில் ஒரு முடிச்சு. எதிரே வருகிறவர் கும்பிட்டால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். ஆயிரம் முடிந்த பிறகு திரும்பி அவ்வளவு தூரமும் வந்து, "என்ன சொன்னீரு?" என்று கேட்பார்.

அவர் மனைவி குருவம்மாள் எனக்குச் சின்னம்மை மகள். ஆகையால் அவர் எனக்கு மாப்பிள்ளை முறை, வயதில் ஆறு குறைவு. நாங்கள் இரண்டு பேரும் இலஞ்சிக் குளத்தங்கரையில் உட்கார்ந்தால் ஒரு விளையாட்டு உண்டு. நான் சொந்தக்காரர்களைச் சொல்லிக்கொண்டே போவேன். இன்னாருடைய கொழுந்தியாளை இன்ன ஊரில் கொடுத்திருக்கிறது, அவளுடைய மூத்தவன் இன்ன ஊரில் பெண் எடுத்திருக்கிறான் என்று. நான் ஊர்ப் பெயரைச் சொல்லி வாய் மூடுமுன் அவர் தூரத்தைச் சொல்லிவிடுவார். "சிவகிரியா, இருபத்தெட்டு மைலு மூணு பர்லாங்கு. வடகரையா, ஏழே கால்." எனக்கு மனிதர்கள் உறவாக நினைவில் இருந்தார்கள், அவருக்கு மைலாக இருந்தார்கள்.

இப்போது அவரிடம் தூரம் கேட்டால் நேரான பதில் வராது. போன வாரம் நான் பார்க்கவே ஒன்று நடந்தது. மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர், மனைவியோடு குற்றாலத்துக்கு நடந்து போகிறவர், "பெரியவரே, அருவிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"நடக்கது யாரு?" என்றார் உச்சிமாகாளி.

"நாங்கதான். நானும் இவளும்."

"துணிமூட்டைய யாரு தூக்கிட்டு வாறது?"

"இவதான் வச்சிருக்கா."

"அப்பம் உமக்கு ரெண்டேகால் மைலு. அவளுக்கு மூணு."

அந்த ஆள் சிரித்துவிட்டார். பின்னால் வந்த வண்டிக்காரன் ஒருவன் மாட்டை இழுத்து நிறுத்தி, "மாமா, எம் மாட்டுக்கு எத்தன மைலு?" என்றான். "நீ ஏத்துத ஆளப் பொறுத்துலே" என்றார். வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு எட்டு நடந்ததும் மூட்டையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள்.

முன்பு அவர் இப்படி எதிர்க்கேள்வி கேட்கிறவர் அல்லர். ஒரு மைலுக்கு ஆயிரத்து எழுநூற்று அறுபது கெஜம். அதில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் வித்தியாசம் கிடையாது என்று பேசியவர். "மைலுன்னா மைலுதான் மச்சான். ரங்கூன்ல அளந்தாலும் அம்புட்டுத்தான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ரங்கூன் பேச்சு எங்கள் வீடுகளுக்குள் வந்தது சந்தனமாரியால். உச்சிமாகாளிக்கும் குருவம்மாளுக்கும் ஒரே மகள். ஐந்து வயதில் தகப்பனோடு சாலைக்கு வரத் தொடங்கினாள். கயிற்றின் ஒரு நுனி அவர் இடுப்பில், மறுநுனி அவள் கையில். அவளுடைய சின்னக் காலுக்கு ஆயிரத்து நானூறு ஊன்றினால்தான் ஒரு மைல் ஆகும். வளர வளர அது குறைந்துகொண்டே வந்தது. ஆயிரத்து நூற்றைம்பதில் வந்து நின்றபோது, "இனி இது குறையாதுட்டி, நீ வளந்துட்டே" என்று சொல்லி, சிவகிரியில் கட்டிக்கொடுத்த தம் அக்காள் ஆவுடைத்தாயின் மகன் கடற்கரை என்பவனுக்கு அவளைக் கட்டிவைத்தார். கடற்கரை ரங்கூனில் ஒரு மரக் கம்பெனித் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். புறப்படுகிற அன்று சந்தனமாரி தகப்பன் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

"கப்பல்ல போறவ எங்கனட்டி அளப்பே?" என்றார் இவர்.

"அங்கன போயி அளக்கேன்ப்பா. ஒங்க மைலும் அந்த ஊரு மைலும் ஒண்ணுதானான்னு பாத்துருவோம்" என்றாள்.

மூன்று வருஷம் நல்ல கடிதமாக வந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் ஒரு கடிதம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்து பல நாள் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்துத் தபால்காரர் அப்துல் ஜப்பார் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேரே சாலைக்கே கொண்டுவந்தார். முப்பத்தாறாம் மைல்கல்லுக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில் நின்று படித்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

கடற்கரை எழுதியிருந்தான். சந்தனமாரிக்கு இது ஆறாவது மாதம். ஊர் காலியாகிக்கொண்டிருக்கிறது. துரை தயவில் ஏரோப்ளேனில் ஒரே ஒரு இடம் கிடைக்கும், அது அவளுக்குத்தான். ரங்கூனில் ஆறு மணிக்கு ஏறினால் கல்கத்தாவில் பத்து மணிக்கு இறங்கிவிடலாம், நாலு மணி நேரம். அங்கே நம்முடைய ஆட்கள் இருக்கிறார்கள், ரயிலேற்றி விடுவார்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் சேர்ந்து புரோம் என்ற ஊர் வரை ரயிலில் போய், அங்கிருந்து மலைக்காட்டு வழியாக நூற்றுப்பத்து மைல் நடந்து கடலோரம் சேர்ந்து, படகு பிடித்து வர வேண்டும். தனியாக ஏற மாட்டேன் என்கிறாள். மாமா சொன்னால் கேட்பாள். மாதக் கடைசி வரை துரை இடத்தை வைத்திருப்பார், தந்தியில் பதில் வேண்டும்.

ஜப்பார் கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார். "ஏத்தி விடச் சொல்லும்வே. நாலு மணி நேரம். நீரு குத்தாலம் போயிக் குளிச்சிட்டு வாற நேரம்."

"வயித்துப்பிள்ளக்காரி. தனியா. வெள்ளக்காரனுவ நடுவுல."

"உசுரு பெருசா, அது பெருசா?"

உச்சிமாகாளி மைல்கல்லின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். "ஆகாசத்துல கல்லு நட்டிருக்கானாவே? எங்கன இருக்கோம், இன்னும் எம்புட்டு இருக்குன்னு அவ யாரைக் கேப்பா?"

"ஓட்டுதவனுக்குத் தெரியும்."

"அவனுக்குத் தெரிஞ்சா ஆச்சா? எம்மவளுக்குத் தெரியணும்லா."

பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். கைவீசி நடக்கிற பெண்பிள்ளை ஒரு நாளைக்குப் பதினைந்து மைல் நடப்பாள். இவளுக்குப் பத்து என்று வைக்கலாம். காலையில் ஐந்து, வெயில் தாழ ஐந்து. நூற்றுப்பத்து மைலுக்குப் பதினோரு நாள். "அஞ்சு வயசுலேருந்து எங்கூட நடந்த காலு. என்ன மச்சான், கணக்கு சரியா?" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் சரி என்றேன். அதை இங்கே எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கணக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஜப்பார் தந்தி ஆபீஸில் சொல்லி ஆங்கிலத்தில் எழுதி வாங்கினார். சேர்ந்தே நடந்து வரவும், பதினோரு நாள் வழி, என்பதுதான் அதன் சாரம். வீட்டுக்கு வந்த பிறகுதான் குருவம்மாளுக்குச் செய்தி தெரிந்தது. அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு, "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வயித்துல பிள்ளையோட நான் நடந்திருக்கேன். அவரு நடந்ததில்ல" என்று என்னிடம்தான் சொன்னாள். எட்டு மாதக் கர்ப்பத்தோடு அவள் இலஞ்சியிலிருந்து தென்காசிக்கு நெல் சுமந்து போன கதை எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

வைகாசியில் கடற்கரை வந்தான், தனியாக. தலைமயிர் கொட்டி, கண் உள்ளே போய், ஆவுடைத்தாய் பெற்ற பிள்ளைதானா என்று நான் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. காட்டில் தண்ணீர் இல்லை, வழியெல்லாம் பேதி, அதில் போய்விட்டாள் என்றான். பெண்கள் அழுது ஓய்ந்த பிறகு உச்சிமாகாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனாவது மைலுலே?"

"அங்கன கல்லு கெடையாது மாமா" என்றான் கடற்கரை.

அவர் எழுந்து சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பத்து மணி ஊதலுக்கு நிமிர்கிற பழக்கம் வந்தது. தினமும் ஆறு மணிக்கு வேலையில் இறங்குகிறார். ஆறுக்கு ஏறினால் பத்துக்கு இறங்கிவிடலாம் என்று அந்தக் கடிதத்தில் இருந்ததை நான் முன்னமே சொல்லியிருக்கிறேன். சண்டைக் காலத்தில் இந்த மலைக்கு மேலே ஏரோப்ளேன்கள் இரண்டும் மூன்றுமாகப் போகும். வயலில் நிற்கிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் மட்டும் குனிந்து புல்லைச் செதுக்கிக்கொண்டிருப்பார். பார்க்கச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால் அவள் பேரில் சாலையோரத்தில் சுமைதாங்கி நட வேண்டும். இரண்டு கல் நிறுத்தி, மேலே ஒரு பலகைக்கல் படுக்கப் போடுவார்கள். சுமையோடு வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் தாங்களே இறக்கி வைத்து, தாங்களே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். இறக்க முடியாமல் போனவளுடைய பாரம் அப்போதுதான் இறங்கும் என்பது நம்பிக்கை. சந்தனமாரிக்கு அந்தக் கல் நடவில்லை. குருவம்மாள் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பாள். "எடம் தெரியாம எங்கன நடட்டும்? சாலையில போட்ட கல்லு ஒவ்வொண்ணுக்கும் ஒரு தூரம் உண்டு. அவளுக்கு என்ன தூரம்?" என்பார். வருஷா வருஷம் மைல்கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்த கை, மகளுக்கு ஒரு கல் நட மாட்டேன் என்கிறதே என்று சொந்தத்தில் பேசினார்கள். என் காதிலும் விழுந்தது, அவர் காதிலும் விழுந்திருக்கும்.

இந்த வைகாசியில் ஆவுடைத்தாய் மகனைக் கூட்டிக்கொண்டு சிவகிரியிலிருந்து வந்தாள். கடற்கரைக்கு மறுபடி ஒரு பெண் பார்த்திருக்கிறது. பெண் வீட்டார் எல்லாவற்றுக்கும் சம்மதம், ஒன்றைத் தவிர.

"ஏலே உச்சி, மூத்தவ சுமையோட வழியில நிக்கா, அவளுக்குக் கல்லு நடாம எங்க பிள்ளைய எப்படி அனுப்புவோம்னு கேக்காங்க. நான் என்ன பதில் சொல்ல? எம்மவன் இப்படியே கெடந்து அழியணுமா?"

"நான் வேண்டாம்னு சொல்லல அக்கா. தூரம் சொல்லச் சொல்லு. நாளைக்கே நடுதேன்."

"செத்த எடத்துக்குத் தூரம் கேக்குத மனுசன நான் ஒன்னையத்தாம்லே பாத்திருக்கேன். ஒனக்குக் கல்லுதான் பெத்த பிள்ள."

 குருவம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள்.  கடற்கரை எழுந்து, கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தான். பிரித்தபோது உள்ளே கயிறு இருந்தது. கறுத்துப்போன தென்னங்கயிறு.

"புரோம்ல எறங்கினதுமே இடுப்புல கட்டிக்கிட்டா மாமா. ஆயிரத்தி நூத்தம்பதுக்கு ஒரு முடிச்சு. எங்கூடப் பேசமாட்டா, எண்ணிக்கிட்டே வருவா. எங்கப்பாவுக்கு வழி தெரியும், பதினோரு நாளுன்னா பதினோரு நாளுதான்னு கூட வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லுவா."

அவர் கயிற்றை எடுத்துப் பெருவிரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தள்ளிக்கொண்டு போனார். முதல் எட்டு முடிச்சும் இறுக்கமாக, சாண் இடைவெளி பிசகாமல் இருந்தன. பிறகு நெருங்கியும் விலகியும் கிடந்தன. கடைசி நாலைந்து முடிச்சு இறுகவே இல்லை, வெறும் சுருக்காக இருந்தது.

"முப்பத்தாறு" என்றார்.

"அதுக்கு மேல கயித்த எங்கிட்டக் குடுத்து, இனி நீ எண்ணிக்கோன்னா. நான் எண்ணல மாமா. எனக்கு அவளத் தூக்கத்தான் சரியா இருந்துச்சு. அவளே எண்ணினதுல கூடக் கொறைய இருக்கலாம். அங்கன ஏறினா கைய ஊணி ஏறணும், எறங்கினா உக்காந்து எறங்கணும். அதெல்லாம் எப்படி எண்ணினாளோ."

"இதுக்கு எத்தன நாளு?"

கடற்கரை பெட்டியின் மூடியைச் சாத்தினான்.

"எத்தன நாளுலே ஆச்சு?"

"ஒம்போது."

நான் உச்சிமாகாளியின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை மடங்கவில்லை. மடக்கிப் பார்க்க வேண்டிய கணக்கும் இல்லை அது.

"ஒரு நாளைக்கு நாலு மைலு" என்றார்.

"இத அன்னைக்கே குடுத்திருப்பேன் மாமா. குடுத்தா நீங்க கணக்குப் போட்டுருவீங்கன்னுதான் குடுக்கல."

ஆவுடைத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குருவம்மாள் வந்து கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி, முடிச்சு அவிழாமல் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டாள்.  அவரை ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர்தாம் கடைசியில் சொன்னார்.

"முப்பத்தாறாவது மைலு எங்கிட்ட இருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை கல் வந்தது. முப்பத்தாறாம் மைல்கல்லுக்குப் பத்தடி தள்ளி, புளியமரத்தடியில், கடிதம் படித்த அதே இடத்தில் நட்டோம். குழி தோண்டியது முழுக்க உச்சிமாகாளி. கடற்கரையையும் என்னையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. பலகைக்கல்லைத் தூக்கி வைக்க மட்டும் எங்களைக் கூப்பிட்டார். உயரத்தை நூல் பிடித்துப் பார்க்கவில்லை. குருவம்மாளைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லி, அவள் தோளுக்கு நேராக வைத்தார். குருவம்மாள் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு சிவப்புச் சேலையைக் கல்லின் மேல் போர்த்தி எடுத்தாள். பொங்கல் வைத்தாள். ஜப்பார் தபால் பையோடு வந்து சற்றுத் தள்ளி நின்றார். எல்லாம் முடிகிற வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

உச்சிமாகாளி வழக்கம்போலச் சுண்ணாம்புச் சட்டியைக் கொண்டுவந்து கல்லுக்கு வெள்ளையடித்தார். தார்ச் சட்டியும் பக்கத்தில் இருந்தது. மட்டையைத் தாரில் தோய்த்துக் கையில் எடுத்தார். எங்களுக்கெல்லாம் அவர் எழுதப்போகிறார் என்றுதான் தோன்றியது. தார் சொட்டுச் சொட்டாகப் புல்லில் விழுந்தது. மட்டையைத் திரும்பச் சட்டிக்குள் வைத்துவிட்டார்.

பெண்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். கடற்கரை தாயோடு ரயிலடிக்குப் போனான். நானும் அவரும் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். குற்றாலத்துப் பக்கமிருந்து ஒருத்தி தலையில் பலாப்பழக் கூடையோடு வந்தாள். கூடையில் இரண்டு பழம். கழுத்து உள்ளே போயிருந்தது. சுண்ணாம்பு காயாத கல்லைக் கண்டதும் நின்றாள், எங்களைப் பார்த்தாள், பிறகு முதுகைச் சாய்த்து, தலையை லேசாகத் தாழ்த்தி, கூடையைப் பலகைமேல் நகர்த்தி வைத்தாள். யாரும் பிடித்துவிட வேண்டியிருக்கவில்லை. சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரம் இந்தக் கல்லு இல்லையே. நட்டவங்க நல்லா இருக்கணும்" என்றாள். பிறகு, "அண்ணாச்சி, வடகரைக்கு இன்னும் எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

ஏழே கால். அவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். யார் நடக்கிறது, என்ன சுமை என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து சுமைதாங்கியின் பக்கம் போனார். முண்டாசை அவிழ்த்துச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கல்லுக்குக் கீழே குனிந்து, பலாப்பழக் கூடையைத் தம் தலைக்கு இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் பதறி, "அய்ய, நீங்க எதுக்கு அண்ணாச்சி" என்று கையை நீட்டினாள். அவர் அதற்குள் சாலையில் இறங்கி மேற்கே நடக்கத் தொடங்கியிருந்தார்.

தென்காசிப் பக்கம் பத்து மணி வண்டி ஊதியது. அவர் கிழக்கே திரும்பாமல் ஒரு கையைத் தூக்கிக் கூடையைப் பிடித்துக்கொண்டார்.